இளம் சிறு விண்மீன்களை எடைபோடுவது எப்படி? டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கு, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் விருச்சிகம் நேராக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் புதுசாக இருக்கும், அங்கே கேட்டை தெற்கே சாய்ந்துதான் தெரியும். லோட் ஷெடிங் நேரம் என்றால் இன்னும் விசேஷம், தெருவே இருண்டு கிடக்க அனுஷத்தின் மூன்று மீன்களும் பளிச்சென்று நிற்கும். அந்த அனுஷத்தைச் சுற்றி, வெறும் கண்ணுக்குத் தெரியாமல், நூற்றுக்கணக்கான குட்டி விண்மீன்கள் இருக்கின்றன. மேல் விருச்சிகக் கூட்டம் என்று பெயர், சுமார் 145 பார்செக் தூரம், அதாவது 470 ஒளியாண்டு. வயது ஒரு கோடி ஆண்டா, அதில் பாதியா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்க வந்த சாட்சிகள், அதாவது ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சுற்றும் இளம் ஜோடி விண்மீன்கள்தான், இந்த வழிகாட்டியின் நாயகர்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் என்னைக் கேட்டான்: "அங்கிள், அவ்வளவு தூரத்துல இருக்குறத யாரு தராசுல வெச்சாங்க?"

"பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் இருந்தா அதுதான்டா தராசு" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. உங்களுக்கும் போதாது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது அந்தச் சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் விளிம்பாக அமைந்துவிட்டால், ஒன்று மற்றொன்றை மாறி மாறி மறைக்கும். இப்படிப்பட்ட ஜோடிக்குக் கிரகண இரட்டை என்று பெயர். ஒளி எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரம் குறைகிறது என்பதிலிருந்து ஆரம் கிடைக்கும். நிறமாலையில் இரண்டின் கோடுகளும் முன்னும் பின்னும் நகர்வதிலிருந்து நிறை கிடைக்கும். இதற்கு விண்மீன் உள்ளே என்ன நடக்கிறது என்ற எந்தக் கோட்பாடும் வேண்டாம், கெப்ளர் விதியும் கொஞ்சம் வடிவியலும் போதும். சிறு விண்மீன் என்று நான் சொல்வது சூரியனின் நிறையில் முக்கால்வாசிக்கும் கீழே, ஹைட்ரஜன் இணைவே நடக்காத பழுப்புக் குள்ளன் வரைக்கும். இளம் என்றால் இன்னும் சுருங்கிக்கொண்டே இருப்பவை. சூரியனில் 0.4 பங்கு நிறையுள்ள ஒன்று சுருங்கி நிலைக்கு வரப் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அது தன் வயதுவந்த அளவைவிடப் பருத்துத்தான் இருக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "அளந்தது", வலப்பக்கம் "கடன் வாங்கியது". சுற்றுக்காலம், திசைவேகம், கிரகண நேரம் எல்லாம் இடப்பக்கம். வயது, வெப்பநிலையில் பெரும்பகுதி, விளிம்பு மங்கல் கெழுக்கள் (விண்மீனின் ஓரம் நடுவைவிட எவ்வளவு மங்கித் தெரியும் என்று சொல்லும் எண்கள்) எல்லாம் யாரோ ஒருவருடைய கோட்பாட்டுக் கணக்கு மாதிரியிலிருந்து வந்தவை, வலப்பக்கம். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இந்தத் துறையில் வரும் குழப்பத்தில் பாதி, வலப்பக்கத்து எண்ணை இடப்பக்கத்தில் எழுதிவிடுவதால் வருவதுதான்.

முதலில் பழைய வழக்குகளைப் படியுங்கள்

ஓரியன் நெபுலாவில் 2006-இல் அறிவிக்கப்பட்ட ஒரு பழுப்புக் குள்ளன் ஜோடி இருக்கிறது. சுற்றுக்காலம் 9.78 நாள், நிறை சூரியனில் 0.054, 0.034 பங்கு. ஆரமோ 0.67, 0.51. வியாழனைப் போல 36, 57 மடங்கு நிறைதான், ஆனால் ஆரம் சூரியனில் பாதிக்கு மேல்! வயது பத்து லட்சம் ஆண்டு அளவில்தான், பிறந்த குழந்தை. அதைவிட வேடிக்கை, இரண்டில் கனமானதுதான் குளிர்ந்திருக்கிறது. எந்த மாதிரியும் அப்படிச் சொல்லவில்லை. கனமானதில் எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) உமிழ்வு அதிகம், காந்தச் செயல்பாடு அதன் மேற்பரப்பை அடக்கிவைக்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் காரணம்.

அதே ஓரியனில் பார் 1802 என்ற ஜோடி. இரண்டுக்கும் சூரியனில் 0.4 பங்கு நிறை, வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஆனாலும் வெப்பநிலையில் ஏறக்குறைய 300 கெல்வின் வித்தியாசம். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நிறை, ஒரே பொருள், ஆனால் வெவ்வேறு முகம். இது 2008-இல் வெளியானது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் முந்திப் பிறந்திருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், உங்கள் ஜோடி மாதிரியோடு ஒத்துப்போகாதபோது உடனே "நான்தான் தப்பு செய்துவிட்டேன்" என்று பதற மாட்டீர்கள். பெரும்பாலும் தப்பு உங்களுடையதாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கிரகண இரட்டைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இளமையானவைதான் அபூர்வம். அதனால் கிரகணத்திலிருந்து தொடங்காமல் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். நம் தெற்கு வானத்தில் மேல் விருச்சிகம், அதன் பக்கத்தில் சென்டாரஸ்-லூபஸ் கூட்டம், தென் கார்த்திகை என்று சொல்லப்படும் ஐசி 2602, வேலா பக்கம் ஐசி 2391. இந்தத் தென் கார்த்திகை டர்பனில் அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை, வருடம் முழுக்க ஏதாவது ஒரு நேரத்தில் பார்க்கலாம். நிஜக் கார்த்திகை வடக்கே +24 பாகையில் இருப்பதால் சதர்லாந்தின் பெரிய தொலைநோக்கி சால்ட்டுக்கு எட்டாது, அதன் எல்லை ஏறக்குறைய -75 முதல் +10 பாகை வரைதான். ஓரியன் எட்டும். மார்கழியில் நமக்குக் கோடைகாலம், இரவு குட்டையானது, அதனால் ஓரியன் பிரியர்கள் கொஞ்சம் அவசரப்பட வேண்டும்.

கையா விண்கலத்தின் பட்டியலில் உங்கள் விண்மீனின் இடமாறு (தூரத்தைச் சொல்லும் கோணம்), வானத்தில் அதன் நகர்வு இரண்டையும் எடுங்கள். கூட்டத்து மற்ற மீன்களோடு ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் போகிறதா? இரட்டை விண்மீன் என்பதால் கையாவின் தீர்வு சில சமயம் ஆட்டம் கண்டிருக்கும், அதன் தரக் குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆர வேகமும் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்) ஒத்துவந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு லித்தியம். நிறமாலையில் 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் லித்தியக் கோடு பலமாக இருந்தால் அது இளமைக்கு நல்ல சாட்சி, ஏனென்றால் உள்ளே வெப்பம் 25 லட்சம் கெல்வினைத் தொட்டதும் லித்தியம் எரிந்து தீர்ந்துவிடும். கோடு இல்லையென்றால் மட்டும் கிழவன் என்று முடிவு கட்ட வேண்டாம், நடுத்தர எம் வகை (சிவந்த, குளிர்ந்த சிறு) விண்மீன்கள் சின்ன வயதிலேயே லித்தியத்தைத் தின்றுவிடும்.

எக்ஸ் கதிர், அடிக்கடி வரும் சுடர்வெடிப்பு, வேகச் சுழற்சி இவையெல்லாம் இளமையைக் காட்டும் என்று படித்திருப்பீர்கள். நெருங்கிய இரட்டைகளில் நம்பாதீர்கள். ஓத விசை இரண்டையும் பூட்டி வேகமாகச் சுழற்றும், கிழவனும் வாலிபன் மாதிரி ஆடுவான்.

ஒளியை இறக்குவது

டெஸ் விண்கலம் 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது, வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 27 நாள் வெறித்துப் பார்க்கிறது. தரவு இலவசம். பைத்தானில் லைட்கர்வ் என்ற தொகுப்பை நிறுவினால் விண்மீனின் எண்ணைக் கொடுத்து நாலைந்து வரியில் ஒளிவளைவை (நேரத்தோடு ஒளி ஏறி இறங்குவதன் வரைபடத்தை) இறக்கிவிடலாம். டேட்டா விலை நமக்குத் தெரியும், அதனால் முழுப் படங்களை இறக்காமல் உங்கள் விண்மீனைச் சுற்றியுள்ள சிறு வெட்டுத்துண்டை மட்டும் கேளுங்கள்.

இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது நேரம். டெஸ் தரும் நேரத்தில் 2457000 கூட்டினால்தான் ஜூலியன் நாள் (வானியலில் நாட்களை எண்ணும் தொடர் எண்) வரும், கெப்ளர் விண்கலத்தின் கே2 தரவில் 2454833 கூட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு "சுற்றுக்காலம் மாறுகிறது, மூன்றாவது விண்மீன் இருக்கிறது" என்று குதிக்கக் கூடாது. நம் ஊர்த் தொலைநோக்கியில் எடுத்ததைச் சேர்க்கிறீர்கள் என்றால் கடிகாரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்து, சூரியக் குடும்பத்தின் பொருண்மை மையத்துக்கு மாற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அந்தத் திருத்தம் மட்டுமே எட்டு நிமிடம் வரை வரும்.

இரண்டாவது பிக்சல். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). அதற்குள் பக்கத்து விண்மீன்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்து மீனும் உங்கள் மீனும் சம ஒளி என்றால் 40 சதவீதக் கிரகணம் 20 சதவீதமாகத் தெரியும், நீங்கள் ஆரத்தைத் தப்பாகக் கணக்கிடுவீர்கள். சில சமயம் கிரகணமே உங்கள் மீனில் நடக்கவில்லை, பக்கத்து வீட்டில் நடக்கிறது. கையா பட்டியலில் ஒரு கலை ஆரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, தட்டையாக்கும் கட்டளை. இளம் விண்மீனின் உடம்பெல்லாம் கரும்புள்ளி, அது சுழலும்போது ஒளி அலை அலையாக ஏறி இறங்கும். அதை நீக்கலாம் என்று அந்தக் கட்டளையை அப்படியே ஓட்டினால் கிரகணத்தின் ஓரங்களையும் சேர்த்து அரித்துவிடும். கிரகண நேரங்களை முதலில் மூடிமறைத்துவிட்டு, மீதியில் மட்டும் அலையைப் பொருத்தி, பிறகு முழுவதிலும் வகுக்க வேண்டும்.

மேல் விருச்சிகம் சூரியப் பாதையை ஒட்டி இருப்பதால் டெஸ் தன் முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. அதற்கு கே2-வின் 2014 இரண்டாம் பருவம்தான் தங்கச் சுரங்கம். யுஸ்கோ-சிடிஐஓ 5 என்ற ஜோடியின் கிரகணம் அங்கே சிக்கியதுதான், 34 நாள் சுற்றுக்காலம், இரண்டும் சூரியனில் மூன்றில் ஒரு பங்கு நிறை, ஆனால் ஆரம் 0.8-ஐத் தாண்டும்.

சுற்றுக்காலம்

பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும் நிரல் லைட்கர்விலேயே இருக்கிறது. ஓட்டுங்கள், ஒரு எண் வரும். அதை நம்பாதீர்கள். இரண்டு விண்மீன்களும் ஒத்த வெப்பநிலையில் இருந்தால் இரண்டு கிரகணங்களும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும், நிரல் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பாதிக் காலத்தைக் கொடுக்கும். நான் ஒரு ஜோடிக்கு மூன்று வாரம் இதில் தொலைத்தேன். ஆவணக் காப்பகத்தில் இருந்த நிறமாலைகளை எடுத்து மடித்து (சுற்றுக்கு மேல் சுற்றாக அடுக்கி) பார்த்தால், சுற்றின் ஒரே கட்டத்தில் ஒரு நாள் கோடு சிவப்புப் பக்கம், இன்னொரு நாள் நீலப் பக்கம். கோடுகளை அடையாளம் கண்டதில்தான் தப்பு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். காலத்தை இரட்டிப்பாக்கியதும் எல்லாம் ஒரு அழகான அலையில் போய் உட்கார்ந்தது. ஒற்றைப்படைக் கிரகணங்களைத் தனியாக, இரட்டைப்படையைத் தனியாக மடித்து ஆழத்தை ஒப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

திசைவேகம்: இங்கேதான் நிறை பிறக்கிறது

இரண்டு விண்மீன்களின் கோடுகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கிரகண நேரத்தில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்துவிடும், அதனால் கிரகணத்திலிருந்து கால் சுற்று தள்ளி, இரண்டும் எதிரெதிர்த் திசையில் அதிக வேகத்தில் போகும்போதுதான் நிறமாலை வேண்டும். எட்டுப் பத்து நிறமாலைகள் கட்டாயம், அவை வெவ்வேறு சுற்றுகளில் பரவியிருந்தால் நல்லது.

நம் நாட்டில் இருப்பதன் பெருமை இங்கே வருகிறது. கேப்டவுனிலிருந்து 370 கிலோமீட்டரில் காரூவில் சதர்லாந்து, அங்கே 2005-இல் திறந்த சால்ட். 91 அறுகோணக் கண்ணாடிகளைத் தேனடை மாதிரி சேர்த்து 11 மீட்டருக்கு ஒரு முகம். அந்தத் தொலைநோக்கி எப்போதும் ஒரே சாய்வில்தான் நிற்கும், விண்மீன் அதன் பார்வைக்குள் வரும்போது கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். கேட்டால் குறை மாதிரி இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. வரிசைப்படி யாரோ அங்கே உங்களுக்காக எடுத்துக் கொடுப்பார்கள், மாதக்கணக்கில் பரவிய அரைமணி அரைமணி நிறமாலைகள்தானே நமக்கு வேண்டும். நேரம் கேட்டு எழுதும்போது "இந்தக் கட்டத்தில் மட்டும் எடுங்கள்" என்று ஜன்னல் குறித்துக் கொடுங்கள். உயர் பிரிதிறன் கருவியின் சிவப்புக் கை எம் வகைக்குப் பொருத்தம், இரண்டாவது மீன் நீலத்தில் மங்கித் தொலைந்துபோகும்.

மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: தேசிய வானியற்பியல் விண்வெளி அறிவியல் திட்டம், சுருக்கமாக நாஸ்ப், ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் படிப்பு தருகிறது. நமக்குப் பக்கத்தில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் அதன் கிளை இருக்கிறது.

நிறமாலை கையில் வந்ததும் தெரிந்த எம் வகை விண்மீன் ஒன்றின் நிறமாலையோடு குறுக்கு ஒப்புமை செய்யுங்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். இரண்டு சிகரங்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரு விண்மீன். சூரியன் மாதிரியான விண்மீனின் நிறமாலையை வைத்து எம் வகையை அளக்கப் போகாதீர்கள், டைட்டேனியம் ஆக்சைடு பட்டைகள் எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஓரியனில் எச்-ஆல்ஃபா பகுதியை விட்டுவிடுங்கள், அங்கே நெபுலாவே ஒளிர்கிறது.

கணக்கு

கால்குலேட்டர் போதும். வட்டப்பாதை என்று வைத்துக்கொள்வோம், சுற்றுக்காலம் 2.5 நாள், முதலாவதின் வேக வீச்சு (சராசரியிலிருந்து வேகம் அதிகபட்சம் விலகும் அளவு) நொடிக்கு 60 கிலோமீட்டர், இரண்டாவதுக்கு 80. இவை விளக்கத்துக்கு நான் எடுத்த எண்கள்.

முதலாவதின் நிறைக்கு: 0.0000001036 × (இரண்டு வேகங்களின் கூட்டல்)² × இரண்டாவதின் வேகம் × நாள். அதாவது 140-இன் வர்க்கம் 19,600, அதை 80-ஆலும் 2.5-ஆலும் பெருக்கினால் 39,20,000, மாறிலியோடு பெருக்கினால் 0.41 சூரிய நிறை. இரண்டாவதுக்கு 80-க்குப் பதில் 60 போட்டால் 0.30. கவனியுங்கள், கனமானதன் நிறைக்கு இலேசானதன் வேகம். ராட்டினத்தில் குண்டர் மெதுவாகவும் ஒல்லி வேகமாகவும் சுற்றுவதுபோல.

உண்மையில் இது நிறையை சாய்கோணத்தின் (பாதை நமக்கு எவ்வளவு விளிம்பாகத் தெரிகிறது என்பதன், முழு விளிம்பு என்றால் 90 பாகை) சைன் மூன்றடுக்கால் பெருக்கிய அளவு. கிரகணம் நடப்பதால் கோணம் 90-ஐ ஒட்டி இருக்கும், 85 பாகையே ஆனாலும் ஒரு சதவீதம்தான் மாறும். ஆனால் வேகத்தில் ஒரு சதவீதம் தப்பினால் நிறையில் மூன்று சதவீதம் தப்பும், அதனால் உழைப்பை எங்கே போடுவது என்று தெரிகிறதல்லவா.

இடைவெளி: 0.01977 × 140 × 2.5, சூரிய ஆரத்தில் 6.9. இப்போது ஒளிவளைவுக்கு வாருங்கள். நடுவாகக் கடக்கும் கிரகணம் 4.2 மணி நேரம் நீடிக்கிறது என்றால், அது சுற்றுக்காலத்தில் 0.07 பங்கு, அதைப் பையால் (π, அதாவது 3.14) பெருக்க 0.22. அதுதான் இரண்டு ஆரங்களின் கூட்டலுக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம். ஆக இரண்டு ஆரமும் சேர்ந்து 1.52 சூரிய ஆரம். இதே நிறையுள்ள வளர்ந்த ஜோடிக்குச் சுமார் 0.70 தான் வரும். இரண்டு மடங்குக்கு மேல் பருத்திருக்கிறது, அப்படியென்றால் பச்சைக் குழந்தைதான். இதுவரை எழுதியது எல்லாம் இடப்பக்கம்.

மாதிரியைப் பொருத்துவது

ஜேகேடிஇபாப், எல்க், ஃபீபி என்று மூன்று நிரல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் இரண்டும் வேகம், ஃபீபி மெதுவானது ஆனால் புள்ளிகளையும் உருவச் சிதைவையும் விவரமாகக் கையாளும். நான் எல்க்கில் தொடங்கச் சொல்வேன். ஆரங்களின் கூட்டல் சுலபமாகக் கட்டுப்படும், அவற்றின் விகிதம்தான் வழுக்கும், குறிப்பாகக் கிரகணம் பகுதியாக இருந்தால். அதைக் கட்டிப்போட நிறமாலையிலிருந்து கிடைக்கும் ஒளி விகிதத்தை உள்ளே கொடுக்க வேண்டும். டெஸ்ஸின் பழைய 30 நிமிடத் தரவு என்றால் கிரகணத்தின் முனைகள் மழுங்கியிருக்கும், மாதிரியையும் அதே 30 நிமிடத்துக்குச் சராசரி எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

புள்ளிகள் பற்றி ஒரு வார்த்தை, இல்லை, பல வார்த்தைகள். புள்ளி மறைக்கப்படாத பக்கத்தில் இருந்தால் கிரகணம் ஆழமாகத் தெரியும், மறைக்கப்படும் பக்கத்தில் இருந்தால் ஆழம் குறையும். ஒரு பருவத்தில் இருந்த புள்ளி அடுத்த பருவத்தில் வேறு இடம் போய்விடும். எல்லாக் கிரகணங்களையும் ஒன்றாக மடித்து ஒரே வளைவாகப் பொருத்தினால் நிரல் மிகச் சின்னப் பிழையோடு அழகான எண் கொடுக்கும், அது பொய். ஒவ்வொரு கிரகணத்தையும் தனித்தனியாகப் பொருத்தி, கிடைக்கும் ஆரங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். அந்தச் சிதறல்தான் உங்கள் உண்மையான பிழை அளவு. அரை சதவீதம் என்று நிரல் சொன்னது மூன்று சதவீதமாக முடிந்தால் வருத்தப்படாமல் மூன்று என்றே எழுதுங்கள்.

அப்புறம், மாதிரிச் சங்கிலி (பொருத்தமான எண்களைத் தேடி நிரல் படிப்படியாகச் செய்யும் நீண்ட கணக்கு) ஓடும்போது ஒவ்வொரு படியையும் வட்டில் சேமிக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க ஓடிய சங்கிலி விடிகாலை நாலு மணி மின்வெட்டில் பேட்டரியோடு சேர்ந்து செத்ததை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன், போதும்.

வெப்பநிலை, வயது

இரண்டு கிரகணங்களின் ஆழ விகிதம் மேற்பரப்பு ஒளிர்வின் விகிதத்தைச் சொல்லும். ஒன்றின் வெப்பநிலையை நிறமாலையிலிருந்து எடுத்தால் மற்றது வந்துவிடும், ஆனால் அந்த முதல் எண் வலப்பக்கத்து எண். சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆரமும் வெப்பநிலையும் சேர்ந்தால் ஒளிர்திறன், அதைத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம். கையாவின் இடமாறு தரும் தூரத்தோடு அது ஒத்துவருகிறதா? வரவில்லை என்றால் தூசி, மூன்றாவது விண்மீன், அல்லது வெப்பநிலை, இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

வயதுக்கு நிறையையும் ஆரத்தையும் வரைபடத்தில் போட்டு, மாதிரிகளின் சமவயதுக் கோடுகளை மேலே வரையுங்கள். வெப்பநிலையை வைத்து வயது சொல்லாதீர்கள், புள்ளி நிறைந்த மேற்பரப்பில் அது எளிதில் ஏமாற்றும். ஒரே ஒரு மாதிரியையும் நம்பாதீர்கள். காந்தப்புலம் இல்லாத மாதிரிகள் மேல் விருச்சிகத்தின் சிறு விண்மீன்களுக்கு 50 லட்சம் ஆண்டு என்கின்றன, காந்தப்புலத்தைச் சேர்த்தவை ஒரு கோடிக்குப் போகின்றன. இரண்டையும் எழுதி, எது எந்த மாதிரி என்று பக்கத்தில் குறியுங்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒன்று

எம்எம்எல் 53 என்ற ஜோடியோடு தொடங்கலாம். முன்பு சொன்ன சென்டாரஸ்-லூபஸ் கூட்டத்தில், -36 பாகைக்கு அருகில், நமக்கு உச்சிக்குப் பக்கத்தில். சூப்பர்வாஸ்ப் திட்டம் கண்டுபிடித்து 2010-இல் வெளியானது. அந்தத் திட்டத்தின் தெற்குக் கண்கள் சதர்லாந்தில் எட்டு கேமராக்களாக இருந்தன, அவற்றில் மாட்டியிருந்தவை 200 மில்லிமீட்டர் கேனான் லென்ஸ், கிரிக்கெட் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் சங்கதி. இந்த ஜோடியின் நிறை சூரியனை ஒட்டியது, அதனால் கண்டிப்பாகச் சொன்னால் "சிறு" வகையில் சேராது. ஆனால் 11-ஆம் ஒளித்தரத்துக்குப் பக்கத்தில் பிரகாசமாக இருப்பதால் கற்றுக்கொள்ள வசதி. சுற்றுக்காலம் 2.098 நாள். இன்று இரவு ஏழு மணிக்குக் கிரகணம் என்றால் நாளை மறுநாள் ஒன்பதரைக்குச் சற்று முன், அதற்கு இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டுக்கு முன். இப்படி நழுவிக்கொண்டே போய்ப் பகலுக்குள் மறையும், பிறகு இரண்டாம் கிரகணத்தின் முறை வரும். அங்கே மூன்றாவது உடல் ஒன்றும் சுற்றுகிறது, அதனால் கிரகண நேரங்கள் துல்லியமான கடிகாரம்போல் வராமல் சற்று முன்பின்னாக வரும். கொல்லைப்புறத்தில் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு சிசிடி அல்லது சிமாஸ் கேமராவும் இருந்தால் மே முதல் ஜூலை வரை அந்த நேரங்களை நீங்களே பிடிக்கலாம். ஒவ்வொரு கிரகணத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுங்கள், கணினிக் கடிகாரத்தை அன்றன்றைக்கு இணையத்தோடு சரிபார்த்துவிட்டு.